பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. பொருத்துதல்

வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இயங்கி, ஐந்தாறு ஆண்டுகள் வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் உழைத்த ஒரு லேப்டாப், பின்னர் மெல்ல மெல்லத் தளர்ந்து, காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று காபி கலந்து குடித்து வந்த பிறகும் விண்டோஸ் முழுமையாகத் திறவாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் நிலையை அடைந்துவிட்டால், இதன் ஆயுள் தீர்ந்தது, இனிப் புதிது ஒன்று வாங்க வேண்டியதுதான் என்று அதன் சொந்தக்காரர் தீர்மானித்துவிடுவது சர்வ சாதாரணம். பல சமயங்களில் அந்தத் தீர்மானம் அவசரமானது. கணக்கிடும் பகுதியாகிய பிராஸசர் இன்னும் திடமாகவே இருக்க, அது கேட்ட செய்தியை எடுத்துக் கொடுக்கவேண்டிய ஹார்டு டிஸ்க் ஒன்றுதான் அதைக் காக்கவைத்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு பாகத்தை மாற்றினால் லேப்டாப் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். மாற்றும் வேலையைத் திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் நிதானமாக இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதையும், அந்த வேலையில் உண்மையான அபாயம் திருகாணிகளில் இல்லை, டிஸ்கில் இருக்கும் கோப்புகளில்தான் இருக்கிறது என்பதையும் இந்த அத்தியாயத்தில் விளக்குவது என் உத்தேசம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஹார்டு டிஸ்கின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள், லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று என்ற வேகத்தில் சுழல்கின்றன. அத்தட்டுகளுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், அவற்றைத் தொடாமல் மிதந்தபடி, ஒரு சிறு கரத்தின் நுனியிலுள்ள தலை உள்ளும் புறமும் நகர்ந்து செய்தியைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. வேண்டிய வட்டத்துக்கு அந்தத் தலை போய்ச் சேர ஏறத்தாழ 12 மில்லி விநாடியும், சேர்ந்தபின் வேண்டிய பகுதி சுழன்று தலைக்கு அடியில் வந்து நிற்கச் சராசரியாக ஐந்தரை மில்லி விநாடியும் ஆகின்றன. கேட்பதற்கு இவை அற்பமான அளவுகள்தாம். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட ஒரு டிஸ்க் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரு விநாடியில் 60 முறை எடுத்துக் கொடுப்பதே பெரிது என்பது விளங்கும். ஒரே கோப்பாக நீண்டு கிடக்கும் திரைப்படத்தை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் தடங்கலின்றி வாசித்துவிடுகிற அதே டிஸ்க், விண்டோஸ் திறக்கும் வேளையில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து ஒருங்கே கேட்கப்படும்போது திணறிப்போவதற்குக் காரணம் இதுவே. வாங்கிய நாளில் இருந்ததைவிட இன்று விண்டோஸ் பின்னணியில் செய்யும் வேலைகளும், வைரஸ் காப்பு நிரல் செய்யும் சோதனைகளும் பெருகிவிட்டபடியால், பழைய டிஸ்கின் மேல் விழும் சுமையும் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

சுழலும் தட்டு, நகரும் கரம் என்ற இந்த ஏற்பாடு மிகப் பழமையானது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணிப்பொறியுடன் வெளியிட்ட முதல் டிஸ்க் சேமிப்பகத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்று 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. அதன்பின் தட்டுகள் உள்ளங்கைக்குள் அடங்கும்படி சிறுத்து, கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகியபோதிலும், தலை நகர்ந்து சேரும் வரையிலும் தட்டு சுழன்று வரும் வரையிலும் காத்திருக்கவேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. எஸ்.எஸ்.டி. என்று இன்று எல்லோரும் வழங்கும் சேமிப்பகத்தில் அசையும் பாகமே கிடையாது. டோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற ஜப்பானியப் பொறியியலாளரின் சிந்தனையில் உருவாகி, 1987இல் உலகுக்கு அறிமுகமான நேண்ட் ஃப்ளாஷ் என்னும் நினைவகச் சில்லுகளே அதன் ஆதாரம். அச்சில்லுகளிலுள்ள நுண்ணறைகளில் மின்னூட்டமாகச் சிறைப்பட்டு நிற்கும் செய்தி, மின்சாரம் நின்றபின்னும் அழிவதில்லை. எந்த மூலையிலுள்ள செய்தியாயினும் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் கிடைத்துவிடுவதால், 60 முறை என்ற கணக்கு பல்லாயிரம் முறையாக உயர்ந்துவிடுகிறது. பயன்படுத்துவோர் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறதென்றால், நிமிஷங்களில் திறந்துகொண்டிருந்த விண்டோஸ் விநாடிகளில் திறக்கிறது. கீழே வைக்கும்போது சற்று அதிர்ந்தால் தலை தட்டில் இடித்துவிடுமோ என்ற கவலையும் இதோடு ஒழிகிறது.

ஆயினும் எல்லாத் தளர்ச்சிக்கும் டிஸ்க்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாகாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். சி.பி.யு. 10, 20 சதவீதத்தில் சோம்பிக் கிடக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், இந்த அத்தியாயம் உங்களுக்காகவே எழுதப்பட்டது. டிஸ்க் என்ற தலைப்பின் கீழ் எச்.டி.டி. என்றோ எஸ்.எஸ்.டி. என்றோ வகையும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். மெமரியும் கூடவே நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை என்று பொருள். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் மிகுதியை டிஸ்கில் கொண்டுபோய் வைப்பதால் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று பெருக்கும். 4 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பாயின், பின்மூடியைத் திறக்கும் அன்றே அதை 8 ஜி.பி. ஆக உயர்த்திவிடுவது உசிதம். சி.பி.யு.வே எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. பெரிய மாறுதலைத் தராது. அங்கே பணத்தைச் செலவிடவேண்டாம்.

இனி, எந்த வகை எஸ்.எஸ்.டி. வாங்குவது என்ற கேள்வி. ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்றது, அந்த ஹார்டு டிஸ்கின் அளவிலும் வடிவத்திலுமே வரும் 2.5 அங்குல சாட்டா வகை. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் உடையதாகவும் புதிய எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டராகவும் இருப்பது வழக்கம். இடைவெளியை நிரப்பச் சில பெட்டிகளுடனேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். 2017ஐ ஒட்டியும் அதன் பின்னும் வந்த பல லேப்டாப்களில் இந்த இடத்தோடு எம்.2 என்ற சிறு செருகுவாயும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு மெல்லிய பலகை அதில் போய் உட்காரும். அப்படி ஓர் இடம் இருந்தால் விண்டோஸை அதிலும், கனமான கோப்புகளைப் பழைய ஹார்டு டிஸ்கிலும் வைத்துக்கொள்வதைவிடச் சௌகரியம் வேறில்லை. ஆனால் எம்.2 பலகைகளில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு ஜாதிகள் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பொதுவாகச் சாட்டா பலகையின் விளிம்பில் இரண்டு வெட்டுகளும், என்.வி.எம்.இ. பலகையில் ஒரே வெட்டும் காணப்படும். ஒன்றை மட்டுமே ஏற்கும் செருகுவாய்கள் பல இருப்பதால், லேப்டாப்பின் மாதிரிப் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பார்த்துவிட்டே கடைக்குச் செல்லவேண்டும்.

தங்கள் லேப்டாப் மிகப் பழையது, அதன் சாட்டா இணைப்பு இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது, அதில் புதிய எஸ்.எஸ்.டி. வீண் என்று சிலர் தயங்குவதுண்டு. மூன்றாம் தலைமுறை சாட்டாவில் விநாடிக்கு 550 மெகாபைட் வரையில் கிடைக்குமிடத்தில், இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ 270 மெகாபைட்தான் கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் நம்மைக் காக்கவைத்தது சிதறிய செய்திகளைத் தேடியெடுக்கும் தாமதமேயன்றி நீண்ட ஓட்டத்தின் வேகக் குறைவு அல்லவாதலால், இந்தக் குறைபாடு அன்றாட வேலையில் அநேகமாகத் தெரியாது. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற லேப்டாப்கள், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனபின் எத்தனையோ வீடுகளில் பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. பாட்டரி செத்துப்போயிருந்தாலும் சார்ஜரில் இயங்கக்கூடிய அவற்றுள் ஒன்றை எஸ்.எஸ்.டி. போட்டு எழுப்பி, பள்ளியில் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுப்பது மிகவும் நல்ல காரியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கொள்ளளவைத் தீர்மானிக்க, இப்போது டிஸ்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, அதற்குமேல் கால் பங்காவது காலியிடம் கிடைக்குமாறு வாங்கவேண்டும், எஸ்.எஸ்.டி. விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் குறையும். 500 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்களோ என்று கலங்கவேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தைக் கொண்டும் விண்டோஸ் 1024ஐக் கொண்டும் கணக்கிடுவதால் நேரும் வித்தியாசம் அது. நுண்ணறை ஒன்றுக்கு மூன்று பிட்டுகள் தாங்கும் டி.எல்.சி. வகையே பொது உபயோகத்துக்குத் தகுந்தது. நான்கு பிட்டுகள் தாங்கும் கியூ.எல்.சி. வகை விலை மலிவானது, வாசிப்பதில் குறையில்லாதது. ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது அதன் வேகம் சிலவற்றில் விநாடிக்கு 80 மெகாபைட் வரை, அதாவது ஹார்டு டிஸ்குக்கும் கீழே, இறங்கிவிடுகிறது.

எழுத எழுதத் தேய்ந்துபோகும் என்ற அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் கொடுப்பது வழக்கமாயிருக்கிறது. நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுபவர்கூட அந்த எல்லையைத் தொட 40 ஆண்டுகள் ஆகும். ஆகவே தேய்மானத்தைப் பற்றிய விசாரத்தை விட்டுவிட்டு, வாரண்டி மூன்று ஆண்டா ஐந்து ஆண்டா என்று கேட்டு, ரசீதில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வது விவேகம். சென்னை ரிச்சி தெருவிலானாலும் உங்கள் ஊர்க் கடையிலானாலும், நம்பமுடியாத விலைக்கு 2 டெராபைட் என்று எவரேனும் நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே சிறியதொரு மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் சந்தையில் உலவுகின்றன. எழுதியவை உள்ளே போனதுபோலக் காட்டும். திரும்பக் கேட்கும்போதுதான் இல்லை என்று தெரியவரும்.

இப்போது இந்த வேலையின் உயிர்நிலைக்கு வருகிறோம். திருப்புளியைத் தொடுமுன், பழைய டிஸ்கிலுள்ள கோப்புகள் மூன்றாவதாக வேறொரு சாதனத்தில், ஒரு வெளி ஹார்டு டிஸ்கிலோ பெரிய பென் டிரைவிலோ, பிரதி எடுக்கப்பட்டிருக்கவேண்டும். எஸ்.எஸ்.டி.க்குத்தானே எல்லாவற்றையும் நகலெடுக்கப் போகிறோம், தனிப் பிரதி எதற்கு என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். நகலெடுக்கும் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாமல் உழைக்கவேண்டியது பல ஆண்டுகள் ஓடிக் களைத்த டிஸ்க் என்பதையும், அது தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் படிக்கப்பட்டது ஒருவேளை இதுவே முதல் தடவையாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். நீல நிறத்தில் ‘குட்’ என்று இருந்தால் தொடரலாம். மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று காட்டினால் டிஸ்கின் சில பகுதிகள் படிக்க இயலாமல் போயிருக்கக்கூடும். அப்போது முழு நகல் எடுக்கும் முயற்சியை ஒத்திவைத்து, எவை போனால் திரும்ப வராதோ அவற்றை, அதாவது குடும்பப் புகைப்படங்களையும் கணக்குகளையும் எழுத்துகளையும், முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். டிஸ்கினுள்ளிருந்து டக் டக் என்று ஓசை கேட்டால் உடனே லேப்டாப்பை அணைத்துவிடுங்கள்; அதன்பின் ஒவ்வொரு தடவை இயக்குவதும் மீட்பை மேலும் கடினமாக்கும். அது டேட்டா ரிகவரி செய்பவர் கைக்குப் போகவேண்டிய டிஸ்க்.

டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகிய மூன்றையும் பிரதி எடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் நஷ்டத்துக்கு முதற்காரணமாகிறது. கடைக்காரர் ஒருவரின் டாலி கணக்குகள் பெரும்பாலும் அந்த மூன்று இடங்களில் இருப்பதில்லை. டாலி நிறுவப்பட்ட ஃபோல்டரின் உள்ளேயோ, பப்ளிக் என்ற பொது ஃபோல்டரின் உள்ளேயோ ‘டேட்டா’ என்ற பெயரில் இருக்கும். டாலியைத் திறந்து, கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் காட்டப்படும் பாதையைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை அப்படியே பிரதி எடுக்கவேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதாயின் டாலியின் லைசன்ஸையும் முன்னரே சரண்டர் செய்துவிடவேண்டும். அவுட்லுக்கில் கடிதங்கள் வைத்திருப்போர் அதன் கோப்பையும், உலாவியில் பாஸ்வேர்டுகளைச் சேமித்திருப்போர் அவற்றையும் மறந்துவிடலாகாது.

தமிழில் தட்டெழுதுவோருக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தை இங்கே விரித்துச் சொல்லவேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் அடித்து வைத்த திருமணப் பத்திரிகைகளும், கோயில் மலர்களும், ஆய்வேடுகளும், வழக்குப் பத்திரங்களும் இன்னும் எத்தனையோ லேப்டாப்களில் இருக்கின்றன. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தவையாதலால், எழுத்துரு இல்லாத புதிய விண்டோஸில் அக்கோப்பைத் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடுவோரும் உண்டு. உண்மையில் கோப்பு முழுமையாகவே இருக்கிறது. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். ஆதலின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் என்பதைத் திறந்து, நீங்கள் பின்னர் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் தனி ஃபோல்டரில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சு நிரல்களின் நிறுவல் கோப்புகளையும் அதிலேயே வைத்துவிட்டால், மாற்றம் முடிந்த அன்று மாலையே எழுத உட்காரலாம்.

பிரதி எடுத்தபின், அந்த வெளிச் சாதனத்தை வேறொரு கணிப்பொறியில் செருகி, நாலைந்து புகைப்படங்களையும் ஒரு கணக்குக் கோப்பையும் உண்மையாகவே திறந்து பாருங்கள். பெயர்ப் பட்டியலில் இருப்பது மட்டும் பிரதி இருக்கிறது என்பதற்குப் போதிய பிரமாணம் ஆகாது.

அடுத்தது, பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா என்ற தீர்மானம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வேண்டாத நிரல்களோடு திணறும் லேப்டாப்புக்குப் புதிய நிறுவலே சிறந்தது என்பேன். பிறகு அது இயங்கும் அழகே வேறு. விண்டோஸ் 10இன் உரிமம் மதர்போர்டுடன் இணைத்து நினைவில் வைக்கப்படுவதால், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராஸசர்களை அநேகமாக ஏற்பதில்லை. அத்தகைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றை எஸ்.எஸ்.டி.யில் நிறுவினால், கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் பாடம் படிக்கவும் அது தாராளமாகப் போதும். இதற்கு மாறாக, திரும்ப நிறுவ முடியாத நிரல்களும் அமைப்புகளும் நிறைந்த அலுவலக லேப்டாப்பாயின் நகலெடுப்பதே வழி. விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அவற்றை நகலெடுப்போர் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழு டிஸ்கையும் தேர்ந்தெடுக்கவேண்டும்.

நகலெடுக்க, யு.எஸ்.பி.யைச் சாட்டாவாக்கும் ஒரு கேபிளோ கேசிங்கோ வேண்டும். அதில் புதிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி லேப்டாப்பில் செருகவேண்டும். உள்ளே நீல நிறமுள்ள யு.எஸ்.பி. 3 வாயில் செருகினால் 200 ஜி.பி. முக்கால் மணி நேரத்தில் முடியும், பழைய யு.எஸ்.பி. 2 ஆனால் ஒன்றே முக்கால் மணி வரை ஆகலாம். எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர் பலர் தங்கள் சாதனத்துக்கென நகலெடுக்கும் நிரலை இலவசமாகவே தருகின்றனர். அது இல்லாவிடில் தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தார் உருவாக்கிய குளோன்ஸில்லா கைகொடுக்கும். ஆனால் அது, மூல டிஸ்கைவிடச் சிறிய டிஸ்குக்கு நகலெடுக்க எளிதில் இசையாது. டிஸ்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதை முன்னதாக நிறுத்தி, மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். இந்தக் கட்டத்தில் பேராபத்து ஒன்றே ஒன்று. ‘சோர்ஸ்’ என்று கேட்குமிடத்தில் வெற்று எஸ்.எஸ்.டி.யையும், ‘டெஸ்டினேஷன்’ என்று கேட்குமிடத்தில் பழைய டிஸ்கையும் காட்டிவிட்டால், வெறுமையானது நிறைந்ததன்மேல் எழுதப்பட்டு அனைத்தும் போய்விடும். இரண்டின் மாதிரி எண்ணையும் கொள்ளளவையும் முன்பே எழுதி வைத்து, ‘ஸ்டார்ட்’ அழுத்துமுன் விரலை எடுத்துவிட்டு மறுபடியும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவே மின்சாரம் போய்விட்டால் பதற்றம் வேண்டாம். மூலம் அப்படியே இருக்கிறது, முதலிலிருந்து தொடங்கினால் போதும்.

திறக்கும் வேலை லேப்டாப்புக்கு லேப்டாப் வேறுபடும். 2011இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220ஐ எடுத்துக்கொண்டால், அடிப்புறத்தில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றியதும் பக்கவாட்டிலுள்ள சிறு மூடி வந்துவிடும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் நாடாவைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதன் இரு புறமும் உள்ள ரப்பர் தண்டவாளங்களைக் கழற்றிப் புதியதற்கு மாட்டி, வந்த வழியே தள்ளினால் காரியம் முடிந்தது. அந்த அறை 7 மில்லிமீட்டருக்கே அமைந்ததாதலால் பிளாஸ்டிக் சட்டத்தை அங்கே சேர்க்கலாகாது. பிற்காலத்து மெல்லிய லேப்டாப்கள் இவ்வளவு தாராளமானவை அல்ல. பின்மூடி முழுவதையும் எடுக்கவேண்டும்; சில திருகாணிகள் ரப்பர் பாதங்களின் அடியில் ஒளிந்திருக்கும்; டி.வி.டி. டிரைவை முதலில் உருவினால்தான் அதன் உள்ளேயுள்ள இரண்டு மூன்று சிறு திருகாணிகள் கண்ணில் படும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்புறத்தை உத்தேசமாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்திலேயே தாளில் குத்தி வையுங்கள். அவை எல்லாம் ஒரே நீளமல்ல. குட்டை ஆணியின் துளையில் நெட்டை ஆணியை முடுக்கினால் அது மறுபக்கம் துளைத்துக் கீபோர்டையோ பலகையையோ சேதப்படுத்தும். மூடியின் விளிம்பைப் பிரிக்க உலோகம் வேண்டாம், காலாவதியான ஏ.டி.எம். அட்டை போதும். ஓர் இடத்தில் வர மறுத்தால் அங்கே இன்னும் ஒரு திருகாணி இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மூடி வந்தவுடன் முதல் வேலை பாட்டரி இணைப்பைப் பிரிப்பது. வெளியே கழலும் பாட்டரியாயின் அதைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டிருக்கவேண்டும். பிறகு பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தையும் வடித்துவிடவேண்டும். பாட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் அத்துடன் நிறுத்திக்கொண்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதைக் குத்துவதும் அழுத்துவதும் தீயில் முடியும். உடலில் தங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்குமாதலால், பலகையைத் தொடுமுன் உலோகக் குழாய் ஒன்றைத் தொட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம். டிஸ்கை இணைப்பிலிருந்து விடுவிக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல், இணைப்புக்கு நேர் எதிர்த் திசையில் கிடையாக இழுக்கவேண்டும். டிஸ்கைத் தாங்கும் உலோகச் சட்டத்தையும், இருந்தால் அதன் முனையிலுள்ள சிறு இணைப்புத் துண்டையும் புதியதற்கு மாற்றி, அதே வழியில் தள்ளிப் பொருத்துங்கள்.

முதன்முறை இயக்கும்போது புதிய எஸ்.எஸ்.டி. மட்டுமே இணைந்திருக்கட்டும், நகலும் மூலமும் ஒருசேர இருந்தால் விண்டோஸ் குழம்பும். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால் எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். விண்டோஸ் திறக்குமுன் வரும் அமைப்புத் திரையாகிய பயாஸினுள் சென்று, எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையானால் இணைப்பு சரியாக உட்காரவில்லை. தெரிந்தும் திறக்கவில்லையானால் பூட் வரிசையையும், யு.இ.எஃப்.ஐ., லெகஸி என்ற இரண்டில் பழைய விண்டோஸ் எதில் நிறுவப்பட்டிருந்ததோ அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவுவோர், சாட்டா என்ற இடத்தில் ஏ.எச்.சி.ஐ. இருப்பதை நிறுவுமுன்பே உறுதிசெய்துகொள்க.

பிற்பாடு செய்யவேண்டியது சொற்பம். டீஃப்ராக் என்ற பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம். விண்டோஸின் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ எஸ்.எஸ்.டி.யை அடையாளம் கண்டு, அழித்த கோப்புகளின் இடத்தைத் துப்புரவு செய்யும் ட்ரிம் என்ற வேலையை மட்டும் தானே செய்துகொள்ளும். ஆனால் அந்த ட்ரிம்மினாலேயே, தவறி அழித்த கோப்பை எஸ்.எஸ்.டி.யிலிருந்து மீட்பது அநேகமாக இயலாததாகிவிடுகிறது. தவிரவும், ஹார்டு டிஸ்க் சாகுமுன் பல சமயங்களில் முனகி எச்சரிக்கை தரும், எஸ்.எஸ்.டி.யோ நேற்று வரை நன்றாயிருந்து இன்று காலை அடையாளமே தெரியாமல் போகக்கூடியது. வேகம் வந்ததும் பிரதி எடுக்கும் பழக்கத்தைக் கைவிடுவோர் இதைக் கட்டாயம் ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

அந்தப் பிரதிக்கு வேறு சாதனம் தேடி அலையவேண்டியதில்லை. உடல்நிலை ‘குட்’ என்று காட்டிய பழைய ஹார்டு டிஸ்கே இருக்கிறது. ஒரு மாதம் வரை அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். பிரதியில் விட்டுப்போனது ஏதேனும் உண்டாயின் அந்த ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு, நகலெடுக்க வாங்கிய அதே கேசிங்கில் அதைப் பொருத்தி, ஃபார்மட் செய்து, வாரம் ஒரு முறை முக்கியமான கோப்புகளை அதில் எழுதி, லேப்டாப்பிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். டிஸ்க் நலிந்துவிட்டதாயின், யாருக்கும் கொடுப்பதற்கோ பழைய பொருள் வாங்குபவரிடம் போடுவதற்கோ முன், அதன்மேல் முழுவதும் ஒரு முறை சுழியத்தை எழுதி அழித்துவிடுங்கள். வெறும் குவிக் ஃபார்மட் செய்த டிஸ்கிலிருந்து உங்கள் புகைப்படங்களை எவரும் எளிதில் எடுத்துவிடலாம்.